உங்கள் பக்கம் இன்னும் பாடுகிறது

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள் மாமா. உங்களால் இனி யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் முதலில் இதைச் சொல்லாமல் எனக்கு எழுத வரவில்லை. வேறு யார் கையிலாவது இந்தத் தாள் கிடைத்தால், தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வார்டனிடம் சொல்லவே வேண்டாம்.

விடுதியின் கடைசிக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் உங்கள் பாட்டுப் பொட்டி, அந்தச் சின்ன எம்பி3 பிளேயர். அதைச் சுற்றி நீங்கள் இறுக்கிப் போட்டிருந்த லாரி டியூப் ரப்பரை இப்போதுதான் உரித்தேன். உரித்த உடனே அந்த வாசனை வந்துவிட்டது. வெயிலில் நின்ற லாரி, டீசல், உங்கள் காக்கிச் சட்டை எல்லாம் சேர்ந்த வாசனை. மழைக்காலத்தில் நீங்கள் ஊருக்கு வந்து இறங்கும்போது வாசல் வரைக்கும் வருமே, அதேதான். அழுதால் வெளியே கேட்கும் என்று குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது கோகிலா காதோடு சொன்னாள். என் பக்கத்துக் கட்டில்காரி, பரமத்தி வேலூர்ப் பிள்ளை. "காலைல எல்லாத்து டிரங்கையும் தெறந்து பாக்கறாங்களாமா. பவுடர் டப்பாவையும் உடமாட்டாங்களாமா."

"பவுடர் டப்பாவையா?"

"பின்ன? போன தடவ ஒருத்தி செல்ல அதுல வெச்சுத்தானே சிக்குனா. வார்டன் குலுக்கிப் பாத்துட்டு, ஏண்டி, ஒன்ற பவுடர் மட்டும் லொடலொடங்குதுன்னு கேட்டாங்க."

கோகிலா சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த விடுதியில் பிடிபடுவதைத் திருப்பித் தர மாட்டார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு வாளி தண்ணீரில் போடுவார்கள். போட்டதும் சின்னச் சின்னக் குமிழியாக வரும். அது நிற்கும் வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

என்னை இங்கே சேர்த்த அன்று, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இதை என் கையில் வைத்து மூடினீர்கள். அம்மா உள்ளே பாய், வாளி, தட்டு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லு கூடாதுன்னுதான் சாமி போட்டிருக்குது. இது செல்லா? இதுல யாராச்சும் கூப்புட முடியுமா?"

"மாட்டுனா அம்மா கொன்னே போடுவாங்க மாமா."

"கொன்னா நான் வந்து கேக்கறேன் போ."

இனி நீங்கள் வந்து கேட்க மாட்டீர்கள்.

இது எத்தனையாவது பொட்டி என்று அம்மா எப்போதும் கேலி பேசுவாள். நீங்கள் ரிக் லாரியில் டிரில்லர். ஒடிசா, சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, மழை பிடித்ததும்தான் திருச்செங்கோட்டுக்குத் திரும்புவீர்கள். வரும்போதெல்லாம் உங்கள் பையில் செத்துப்போன பாட்டுப் பொட்டி ஒன்று இருக்கும். முதலாவது, இயர்போன் சொருகும் ஓட்டை லூசாகிப் போனது. ஒயரைச் சொருகியபடியே கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துளை போடும் ராடு மாட்ட நூறு தடவை குனிந்து எழுந்தால் எந்த ஓட்டைதான் தாங்கும்? அடுத்தது துளையிலிருந்து வந்த சேற்றில் விழுந்தது. அதற்கடுத்ததை லாரிக் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனீர்கள். சாயங்காலம் பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்திருந்ததாம்.

"ஏண்டா தம்பி, ஒன்ற கையில எதுதான் நிக்குது? பொட்டி மாத்தறதுக்குப் பதிலா ஒரு கண்ணாலத்தப் பண்ணிக்க."

"அதுவும் ரிப்பேராச்சுன்னா ஆருக்கா பாக்கறது?"

அம்மா கரண்டியை ஓங்குவாள். நீங்கள் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வீர்கள், அவ்வளவு பெரிய ஆள்.

அதனால்தான் இந்தப் பொட்டியை அப்படிப் பாதுகாத்தீர்கள். முதலில் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் பஞ்சரான டியூபை அறுத்து எடுத்த ரப்பர், சுற்றிச் சுற்றி. பட்டனைக்கூட ரப்பருக்கு மேலே அழுத்தித்தான் பாட்டு மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எல்லோரும் அப்படித்தான் சுற்றுவார்கள் என்றீர்கள். "பொட்டியக் கொல்றது கல்லுத்தூசிதான் சாமி. அது பூந்துச்சுன்னா முடிஞ்சுது. இதுல எறும்புகூடப் பூர முடியாது."

தூசி போகவில்லைதான். ஆனால் சூடும் வெளியே வரவில்லை மாமா. இன்றைக்கு ரப்பரை உரித்துப் பார்க்கிறேன், பேட்டரி உள்ளுக்குள்ளேயே வெந்து, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பின்பக்க மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நாம் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்போம். வலது பக்கம் எப்போதும் உங்களுக்கு. ஒரு நாள் எனக்குத்தான் வலது வேண்டும் என்று அடம்பிடித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, இடது பக்கத்தை உங்கள் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினீர்கள். பாட்டு முடிந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். அப்போதுதான் தெரிந்தது. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று உங்கள் இடது காது எப்போதோ போய்விட்டிருந்தது. "அம்மாகிட்டச் சொல்லீராத," என்றீர்கள். நான் சொல்லவில்லை.

என்னை இங்கே சேர்ப்பதற்கு முந்தின வருடம் வந்தபோது பழைய பொட்டி ஒன்றைப் பிரித்து, நியூஸ் பேப்பரில் தட்டினீர்கள். வெள்ளையாக, சலித்த அரிசி மாவு போல ஒரு பிடி தூசி கொட்டியது. "பாரு, ஒரு காட்டையே உள்ள வெச்சிருக்குது," என்று சொல்லி, மிச்சத்தை ஊதிவிடப் போனீர்கள். ஊதினீர்கள். தூசி அசையவில்லை. மறுபடி ஊதினீர்கள். பிறகு பொட்டியை என் பக்கம் நீட்டினீர்கள்.

"நீ ஊது சாமி. மாமனுக்கு மூச்சுப் பத்தல."

நான் ஒரே ஊதில் ஊதிவிட்டேன். தூசி பறந்து உங்கள் மீசையில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் சிரித்தது இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. வெந்நீர் கொண்டுவந்த அம்மா, "துளை போடறப்பத் துண்ட எடுத்து மூக்குல கட்டுடான்னா கேக்கறயா?" என்று திட்டினாள்.

"கட்டுனா நான் கத்தறது பசங்களுக்குக் கேக்காதுக்கா. ராடு யாரு தலையிலயாச்சும் உழுந்துரும்."

"பொட்டிக்கு மட்டும் அத்தனை சுத்துச் சுத்தியிருக்கற?"

"பொட்டி மூச்சா உடுது?"

அன்றைக்கு அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கல்தூசி என்றார். பல வருடமாகச் சேர்ந்தது, இனி எடுக்க முடியாது என்றார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "ஊதி உட்டாப் போவாதுங்களா டாக்டர்?" என்று கேட்டீர்கள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் லாரி ஏறவில்லை. மாசியில் போய்விட்டீர்கள்.

உங்களைத் தூக்கிப்போன பிறகு உங்கள் துணிமணிகளையும் செல்லையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிட்டார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு மயக்கம் வந்தது என்று பெரியவர்கள் எடுத்த முடிவு. போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் பேசாமல் நிற்கிறீர்கள். உங்கள் குரல் இருப்பது இந்தப் பொட்டியில் மட்டும்தான் மாமா. அது யாருக்கும் தெரியாது.

பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் வரும் அது. நீங்களே பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டுப் பதிந்ததா, எனக்காகத்தான் பதிந்தீர்களா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். முதலில் கம்ப்ரசர் இரைச்சல் மட்டும். பிறகு யாரோ கத்துகிறார்கள். சோவென்று தண்ணீர் மேலே அடிக்கிற சத்தம். நீங்கள் சின்னப் பையன் மாதிரி கத்துகிறீர்கள்: "வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு! அம்முணி, கேக்குதா?" அதோடு ஒரு சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால் ஒரு இருமல். நீங்கள் இருந்தவரை அந்த இருமல் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அதுதான் முதலில் கேட்கிறது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், எல்லோரும் துணி துவைக்கப் போகும்போது, போர்வைக்குள் வைத்துக் கேட்பேன். பவுடர் டப்பாவைக் கழுவிக் காயவைத்துத்தான் இதை உள்ளே வைத்தேன். ஆனாலும் ஓரத்தில் ஒட்டியிருந்த பவுடர் இயர்போன் ஓட்டையில் இறங்கிவிட்டது போல. போன மாதம் இடது பக்கம் கரகரவென்று இருந்தது. பிறகு நின்றுவிட்டது. அது என் பக்கம் மாமா. உங்கள் பக்கம் இன்னும் பாடுகிறது. இப்போது நான் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

காலையில் பொட்டி போய்விடும். அதை இனி எங்கும் ஒளிக்க முடியாது. ஆனால் நீங்கள் ஒவ்வொரு பொட்டி செத்தபோதும் செய்ததை நினைத்துக்கொண்டேன். நகத்தளவு இருக்கும் அந்த மெமரி கார்டைப் பிடுங்கி அடுத்த பொட்டியில் போட்டுவிட்டு, "பொட்டி போனாப் போவுது, பாட்டு எங்க போச்சு?" என்பீர்கள். அத்தனை பொட்டிக்கும் ஒரே கார்டு. சேற்றில் விழுந்ததும், வெயிலில் வெந்ததும் அதேதான்.

அதை எடுக்கத்தான் இங்கே வந்தேன். உப்பிய பேட்டரி கார்டை அமுக்கிப் பிடித்திருக்கிறது. வீங்கின பேட்டரியில் ஊசி குத்தினால் தீப்பிடிக்கும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதனால் பேட்டரியைத் தொடாமல், ஹேர்பின்னை ஓரமாக விட்டு நெம்புவதும் எழுதுவதுமாக இருக்கிறேன். இரண்டு தடவை வழுக்கிவிட்டது. எடுத்துவிட்டால் ரிப்பன் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். சடையை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். எப்போதாவது ஒரு நாள் எனக்கென்று ஒரு பொட்டி வாங்கி, ரப்பர் சுற்றாமல், அம்மா காதில் ஒரு பக்கமும் என் காதில் ஒரு பக்கமும்

வந்துவிட்டது மாமா. கார்டு வந்துவிட்டது.

கீழே வைத்தால் தண்ணீர் போகிற ஓட்டையில் விழுந்துவிடும். நைட்டியில் பை இல்லை. நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். மண் ருசியாக இருக்கிறது, கொஞ்சம் நறநறவென்று. இத்தனை சுற்றியும் தூசி உள்ளே வந்துதான் இருக்கிறது. துப்ப மனசு வரவில்லை. இது நீங்கள் துளை போட்ட ஏதோ ஒரு காட்டுக் கல்தானே.

செருப்புச் சத்தம் கேட்கிறது. குழாயை மூடிவிட்டேன். தட்டுகிறார்கள். "யாரு உள்ள? பேரச் சொல்லு!" என்கிறார் வார்டன். மறுபடியும் தட்டுகிறார்கள். வாயைத் திறந்தால்