டயருக்குள் எழுந்து ஆடுகிறவர்கள்

வண்டி வெயிலில் நின்றால் இன்னும் உன் வாசனை வருகிறது. இடது பக்க முன் சீட்டில், நீ சாய்ந்து சாய்ந்து கறுத்துப்போன ரெக்சினிலிருந்துதான். சோப்பு நுரை போட்டு எத்தனை தடவை துடைத்தாயிற்று! கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டால் போதும், நல்லெண்ணெய் வாசம் அடியிலிருந்து எழுந்து வந்துவிடும். இன்று காலையிலும் வந்தது. மற்ற நாளென்றால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இன்று அந்தச் சீட்டைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்: "ஏலே, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்!"

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். எண்கள் மட்டும் தெரியும், அதுவும் வண்டி ஓட்டிக் கற்றுக்கொண்டது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, மூச்சு விட்டுச் சொல்லுங்க, கை வலிக்குல்லா" என்கிறாள். மூச்சு விட எனக்குப் பொறுமை இல்லை. நம்முடைய பந்தயம் முடிந்துவிட்டது. நீ போன பிறகு வந்த முதல் குற்றாலச் சீசனில், நீ இல்லாமல் முடிந்திருக்கிறது.

அந்தப் பந்தயம் தொடங்கிய இடம் நினைவிருக்கிறதா? புளியரை. சீசன் ஓய்ந்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கத் தலை நீட்ட ஆளில்லாத மாதங்களில் எண்ணெய்ப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டு என்னோடு வண்டியில் ஏறிக்கொள்வாய். மலை ஏறி ஆரியங்காவு போகும் சவாரி என்றால் உனக்குச் சோறுகூட வேண்டாம். அன்று மலை ஏறுவதற்கு முன்னால் காற்று பிடிக்கிற கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாலு டயர்லயும் கூட இருக்கு" என்றார். காலையில் தென்காசியில் மீட்டரில் முப்பது காட்டக் காற்று பிடித்துவிட்டு வந்தவன் நான். "அந்தப் பய கூடப் பிடிச்சிருக்கான், குறைச்சு விடும்" என்றேன்.

நீ சீட்டை விட்டுக் குதித்து இறங்கினாய். "குறைக்காதலே! அவன் கூடப் பிடிக்கல. வண்டி ஓட ஓடக் காத்து தானா கூடும்."

நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "பூட்டின ரூமுக்குள்ள ஆளு எப்படிலே கூடும்? சாவி என்கிட்டல்லா இருக்கு!"

"ஆளு கூடல. உள்ள இருக்கிறவன் எந்திரிச்சு ஆடுதான்."

"எதுக்கு ஆடுதான், கோயில் கொடையா நடக்கு?"

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து என் கன்னத்தில் வைத்தாய். சுட்டது. "நான் ஒருத்தன் முதுகைத் தேய்ச்சா சூடு ஏறுது. ரோடு டயரைத் தேய்க்குது. ரோடும் என் தொழிலைத்தாம்லே பாக்குது. சூடு ஏறினா உள்ள இருக்கிறவன் சும்மா இருப்பானா? வண்டியை நிப்பாட்டி ஆற விடு, திரும்ப உக்காந்துருவான்."

ஸ்டியரிங்கே பிடித்திராத ஆள், எனக்கு டயரைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்! சும்மா விடுவேனா? அங்கேயே பந்தயம் பேசினோம். நீ சொன்னது சரி என்றால், குற்றாலத்தில் அருவிக்கரையில், சீசன் கூட்டம் பார்க்கப் பார்க்க, பலகையில் உட்காரவைத்து நான் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். நான் சொன்னது சரி என்றால், நீ முன் சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் கூடைகளோடு உட்கார வேண்டும். ஆயுசுக்கும்.

"ஊரு உடம்பையெல்லாம் தேய்ச்சாச்சு. என் முதுகுல ஒருத்தன் கை வச்சதில்ல. நல்லாத் தேய்க்கணும் பாத்துக்க" என்றாய், அப்போதே ஜெயித்துவிட்டவன் மாதிரி.

அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்காமலா இருந்தோம்! காலையில் தென்காசிக் கடையில் அளப்போம், மதியம் புளியரையில் அளப்போம். கூடத்தான் காட்டும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "அந்த மீட்டர் வேற, இந்த மீட்டர் வேற" என்பேன். அப்புறம் நானே ஒரு மீட்டர் வாங்கினேன். அதை வால்வில் வைக்கும்போது ஒரு தடவை புஸ் என்று காற்று போகும், ஒரு தடவை போகாது. ஒன்று கூடினால் என் கை சரியில்லை என்பேன், ஒன்று குறைந்தால் உன் கண் சரியில்லை என்பாய். டீக்கடையில் நம்மைக் கண்டாலே, "காத்துக் கட்சி ரெண்டும் வந்துட்டுடே" என்பார்கள்.

நானோ சூட்டிலேயே காற்றைக் குறைத்துக் குறைத்து விட்டேன். மறுநாள் காலையில் டயர் சொத்தென்று நிற்கும். வால்வை மாற்றினேன், டியூபை மாற்றினேன், பஞ்சர் கடைக்காரரோடு வாய்ச்சண்டைக்குப் போனேன். டயர் இரண்டு ஓரமும் மழுங்கி, நடுவில் மட்டும் புதிதாக இருந்தது. நீ குனிந்து அதைத் தடவிப் பார்த்து, "சூட்டுல காத்தைப் பிடுங்குதே, பாவம், காலையில பட்டினி கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் ஏறிக் கால் நீட்டிக்கொண்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று உனக்கு டீ வாங்கித் தரவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதைத்தானே கேட்டாய்? உன் குரல் பாதி காற்றாக இருந்தது. "டிரைவரு, பந்தயம் இன்னும் நிக்குல்லா? முடிவு தெரியுற மட்டும் அது என் சீட்டு. எவனையும் ஏத்திராத."

ஏற்றவில்லை. தென்காசி ஸ்டேஷனில் சவாரிக்காரர்கள் கேட்பார்கள், "முன்னால சீட்டு காலியாத்தானே இருக்கு, அதுல ஒருத்தரு உக்காரக் கூடாதா?" என்று. ஸ்பிரிங் சரியில்லை என்பேன். பட்டாளத்தில் இருக்கும் என் மகன் லீவில் வந்தபோது அவனையே பின்னால்தான் ஏற்றினேன். முறைத்துக்கொண்டே ஏறினான். அதில் ஒரு பயமும் எனக்குள் இருந்தது. என்றைக்காவது நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டால்? பேச்சு பேச்சுதானே. உன்னைப் பின் சீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தச் சீட்டு சும்மா ஒரு சீட்டாக ஆகிவிடும்.

அதே மகன்தான் இப்போது ஒரு பெட்டி அனுப்பினான். போன வாரம் பின் டயரில் காற்று இறங்கியது தெரியாமல் சாரலில் ஆள்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தச் செய்தி அவனுக்கு எப்படியோ போயிருக்கிறது. "ஒண்ணு இதை மாட்டுங்க, இல்ல வண்டியை வித்துருங்க" என்று போனில் கத்தினான். பெட்டிக்குள் சுண்டைக்காய் போல நான்கு மூடிகள், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை. டயர் வால்வில் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகிவிட்டால், ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு காற்று என்று ஓடும்போதே திரையில் எண் வருமாம். ஓடும்போதே! புஸ் என்று ஒரு சொட்டுக் காற்று வெளியே போகாமல்! நான் பெட்டியை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்து மருமகள் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். காப்பி யாருக்கு வேண்டும்? முப்பது வருஷ வழக்குக்கு ஜட்ஜ் வந்து இறங்கியிருக்கிறார்!

மருமகள் சுரண்டைக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். "மூடியில எந்த டயருக்கு எதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு மாமா, சாயங்காலம் வந்து படிச்சுச் சொல்லுதேன்" என்றாள். சாயங்காலம் மட்டும் பொறுக்கிற ஆளா நான்? பஞ்சர் கடைக்குப் போகவும் மனமில்லை. இது நம் இரண்டு பேர் விஷயம். தோன்றியபடி நான்கையும் திருகினேன். ஆறின டயருக்கு முப்பது அளந்து பிடித்தேன். திரையில் வண்டியின் படம், நான்கு மூலையிலும் நான்கு எண். ஆனால் எந்த மூலை எந்த டயர்? யோசித்தேன். முன் இடது மூடியைக் கழற்றினேன். கீய் கீய் என்று கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் பின் வலது மூலை மினுக்குகிறது! ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓடி, பார்த்து, மாற்றி மாட்டினேன். எதிர் வீட்டு ஆச்சி வாசலில் நின்று, "வண்டியைச் சுத்திச் சுத்தி ஓடுதீயளே, கழுதைப்புலியா துரத்துது?" என்று கேட்டாள். கடைசியில் நான்கும் அதனதன் மூலையில் உட்கார்ந்தன. வால்வில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. திரையை எங்கே ஒட்டினேன் தெரியுமா? எனக்கு நேரே இல்லை. நடுவில், உன் பக்கம் லேசாகத் திருப்பி.

இரண்டு நாளாகச் சாரல் விட்டு நல்ல வெயில். சவாரி ஏற்றாமல் கிளம்பினேன். நான்கு மூலையிலும் முப்பது. இலஞ்சி வரை அசையவில்லை. வண்டி ஓட்ட வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நான் தோற்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். செங்கோட்டை தாண்டும்போது முன் இடது பக்கம் முப்பத்தொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முப்பத்தொன்றுதான். புளியரைக்குள் நுழையும்போது எல்லா மூலையிலும் முப்பத்திரண்டு. மலை ஏறி வளைவுகளில் திரும்பத் திரும்ப, ஒன்று முப்பத்து மூன்று, இன்னொன்று முப்பத்து நான்கு! எழுந்து ஆடுகிறான்கள்லே! ஒருத்தன் பாக்கி இல்லாமல் ஆடுகிறான்கள்! நான் ஸ்டியரிங்கை அடித்துக் கத்தின கத்தலில் ரோட்டோரக் குரங்குகள் சிதறி ஓடின. ஓரமாக நிறுத்தி இறங்கி டயரில் கை வைத்தேன். அன்று நீ என் கன்னத்தில் வைத்த அதே சூடு.

திரும்பும் வழியில் புளியரை டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, லாட்டரி விழுந்துட்டா?" என்றார்.

"தோத்துட்டேன் வே! சுத்தமாத் தோத்துட்டேன்!"

"தோத்ததுக்கா இந்தப் பல்லு தெரியுது?"

"உமக்குச் சொன்னா விளங்காது. ரெண்டு டீ போடும்" என்றேன். இரண்டையும் நானே குடித்தேன். அன்று உனக்கு வாங்கித் தராத டீ அது.

நேரே குற்றாலம். வண்டியை நிறுத்தும்போது சாரல் திரும்பத் தொடங்கிவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்கள் வரிசையில் உன் இடத்தில் சுடலை உட்கார்ந்திருக்கிறார், உன் பக்கத்துப் பலகைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். பந்தயம் அவருக்கும் தெரியும், யாருக்குத்தான் தெரியாது! "அவரு இல்லையே அண்ணாச்சி, இனி யாருக்குத் தேய்ப்பீய?" என்றார்.

"உம்ம முதுகுல என்னைக்காவது யாராவது கை வச்சிருக்காவளா வே?"

அவர் எண்ணெய்ப் புட்டியை என் கையில் கொடுத்தார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். எண்ணெயைக் கையில் ஊற்றினேன். குளிக்க வந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. "எலே, கிழவரு எண்ணெய்க்காரருக்கே எண்ணெய் தேய்க்காருடோய்!" என்று ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். பிடிக்கட்டும். கூட்டம் பார்க்கத்தானே பந்தயம்.

"அண்ணாச்சி, ஸ்டியரிங்கைத் திருப்புத மாதிரி கழுத்தைத் திருப்பாதீய, ஒடிஞ்சிரும்!" என்று சுடலை கத்தினார். வரிசையே சிரித்தது. நான் விடவில்லை. முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை ஓட்டி, நீ எனக்குத் தேய்ப்பாயே, அதே மாதிரி அழுத்தித் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தம் அடங்கியது. தலை தொங்கியது. "அவரும் இப்பிடித்தான் கேட்டுக்கிட்டே இருப்பாரு, யாராவது தேய்ச்சு விடமாட்டாங்களான்னு" என்றார் மெதுவாக. சாரல் என் மேல் விழுந்துகொண்டிருந்தது, கை மட்டும் கொதித்தது. அவர் எழுந்து அருவிக்குள் போய் நின்றபோது, தண்ணீர் விழுகிற முதுகு சாரலுக்குள் யாருடைய முதுகு என்று தெரியவில்லை. எனக்குத் தெரியவும் வேண்டாம்.

தலை துவட்டிக்கொண்டு வந்த சுடலை, "தென்காசி வரைக்கும் வாறேன்" என்று முன் கதவில் கை வைத்தார்.

"பின்னால ஏறும் வே. அங்கன ஆள் இருக்கு."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். பின்னால் ஏறிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். திரை விழித்தது. நான்கு மூலையிலும் முப்பது. ஒரு பொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் வெளியே போகவில்லை, ஆறினதும் உட்கார்ந்துவிட்டார்கள், நீ சொன்ன மாதிரியே. என் கையிலும் ஸ்டியரிங்கிலும் உன் சீட்டின் வாசனை. இந்த ரெக்சினை இனி சோப்புப் போட்டுத் துடைக்கப் போவதில்லை.

வண்டியை எடுத்தேன். மேலகரம் தாண்டவில்லை, ஒருத்தன் எழுந்துவிட்டான். முன் இடது பக்கம், உன் சீட்டுக்கு நேர் கீழே.