பசறை ஏற்றத்தில் நின்ற வண்டி

இன்று பட்டறையை ஒதுக்கும்போது உன் ஆட்டோவிலிருந்து அன்று நான் கழற்றிய பெட்ரோல் டாங்கி கிடைத்தது. மூடியைத் திறந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் உள்ளே வாடை இருந்தது.

பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலம் அது. பதுளையில் இந்தத் தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பழைய ஆட்டோக்களை பேட்டரியில் ஓட வைக்கப்போகிறேன் என்றபோது சிரிக்காதவன் நீ ஒருவன்தான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீட்டின் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள் நாம். "என் வண்டியில முதல்ல செஞ்சு பாருடா. ஓடுனா எல்லாரும் வருவாங்க" என்றாய். உன் பிழைப்புக்கு இருந்ததே அந்த ஒரு வண்டிதான்.

ஓடியது. சத்தமே இல்லாமல் நீ பின்னால் வந்து நிற்க, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பதறி ஒதுங்குவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

புது பேட்டரிக்கு எனக்கு வழியில்லை. விபத்தில் அடிபட்ட ஹைபிரிட் கார்களின் பேட்டரியிலிருந்து கழற்றிய பழைய செல்களைச் சேர்த்துத்தான் கட்டினேன். அவற்றில் சில, ஏற்றத்தில் பாரம் கூடினால் சட்டென்று சார்ஜ் இறங்கிவிடும் என்பது சோதித்த அன்றே எனக்குத் தெரியும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஒரு மழை நாளில், வலி கண்ட பெண்ணையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு நீ பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாய். பசறை தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றது. நீயும் அவள் புருஷனும் நனைந்துகொண்டே தள்ளினீர்கள். பின்னால் வந்த கொழுந்து லொறி அவளை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியை எட்டுமுன் லொறியிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலை நீ இங்கே வந்து நின்றாய்.

"விடிய விடிய சார்ஜ் போட்டேன்டா. எப்படி நின்னுச்சு?"

அப்போது சொல்லியிருக்கலாம். வண்டிகளைப் பார்த்துவிட்டுப் பணம் போட கொழும்பிலிருந்து இரண்டு பேர் அந்த வாரம் வரவிருந்தார்கள். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "பிளக் சரியா மாட்டுனியா?" என்றேன்.

நீ யோசித்தாய். "லயத்துல கரண்டும் போய்ப் போய் வந்துச்சு. பார்க்காம தூங்கிட்டேன் போல" என்றாய். கொஞ்சம் கொஞ்சமாக நீ அதை நம்பியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டார்கள். நீயாகவே முன்னால் வந்து, "அது என் பிழைங்க. வண்டி நல்ல வண்டி" என்றாய். அவர்கள் போனபின் உன் வண்டியின் பழுதான செல்களை மாற்றிக் கொடுத்தேன். "இதுக்கெல்லாம் எதுக்குடா செலவு?" என்று கடிந்துகொண்டாய்.

அவர்கள் பணம் போட்டார்கள், கம்பெனி நிலைத்துவிட்டது. நமுனுகுல, அப்புத்தளைப் பக்கமெல்லாம் நம் வண்டிகள் ஓடுகின்றன. உன் வண்டியில் மட்டும் ஆள் ஏறவில்லை. சார்ஜ் போட மறந்தவன் என்ற பேர் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. நீ வண்டியை விற்றுவிட்டு, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வாசல் காவலுக்குப் போனாய். அங்கே வந்த டெங்குக் காய்ச்சல் உன்னைத் திரும்பி வரவிடவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, அந்தப் பெண்ணின் லயத்துக்குப் போனேன். பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பிழை என்னுடையது என்றும், நீ அது தெரியாமலே வண்டியை ஓட்டினாய் என்றும்.

அவள் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு, "அவரு இங்க வந்து மன்னிப்பு கேட்டாருங்க. ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ அழுதாரு" என்றாள்.

மடுல்சீமைக்காரர்களிடமும் சொன்னேன். சிலர் திட்டினார்கள், சிலர் இப்போது என்னோடு பேசுவதில்லை. வண்டி வாங்க வருகிறவர்களிடம், இது எந்த ஏற்றத்தில் நிற்கும் என்பதை முதலில் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. இதெல்லாம் அன்று உன்னிடமே சொல்லியிருப்பதற்கு ஈடாகாது. நான் செய்ததற்காக நீ ஒரு லயத்து வாசலில் நின்று அழுதிருக்கிறாய். கண்ணை மூடும்வரை அதை உன் பிழை என்றே நினைத்திருக்கிறாய்.