ஓபர்லிண்டன்ரீட் என்று எழுதச் சொன்னாய்

அச்சு மை சரியாகக் காயவில்லை. பாரிஸில் ரூ பெர்தொனே தெரு அச்சகத்தில் எடுத்த உன் நினைவு மலர்க் கட்டுகளைக் காவிக்கொண்டு வந்து தேநீர்க்கடை மேசையில் வைத்து, மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம் மூக்கில் ஏறியது. அட்டைப் படத்தில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய். தலைமயிரைத்தான் தேவைக்கு மேலே கறுப்பாக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே வாசித்தேன்: "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி முனிச், பிரான்ஸ் ஸ்தேன் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட..."

முனிச்சில் நீ வசித்தது மொத்தமாக நாற்பது நிமிடம் இருக்கும். அதுவும் ரயில் மாறுவதற்கு.

கோபத்தில் தேநீரைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, மலர்க் கட்டுகளில் சிந்தவில்லை. கடைக்காரர் துணியோடு வந்து, "என்னண்ணை, படம் பிழைச்சுப்போச்சே?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்ல? நம்முடைய சனம் செத்த பிறகு ஒரே ஒரு வரிக்குள்தான் அடங்குகிறது. பிறந்த இடம் ஒன்று, வாழ்ந்த இடங்கள் இரண்டு மூன்று, அதற்குப் பிறகு பிள்ளைகளின் பெயர். உலகத்தில் எந்த மூலையில் செத்தாலும் அந்த வரி மாறாது. அந்த வரியில் ஒரு சொல்லைப் பற்றித்தான் நீ ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"ஆர் எழுதினாலும் நீ ஒருக்காப் பார். ஓபர்லிண்டன்ரீட் எண்டு முழுசாப் போட வேணும். சும்மா ஜேர்மனி எண்டு போட்டிட்டு விடாதை."

"விசர்க்கதை கதையாதை. நீ எழும்பி வா, நாங்கள் ரெண்டு பேருமாப் பாப்பம்" என்றேன். நீ எழும்பவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்தப் பிழை அச்சகக்காரத் தம்பி விட்ட பிழை இல்லை மச்சான், நான் விட்டது. எப்படி விட்டேன் என்று சொல்கிறேன். அதற்கு முதல் அந்த ஊரைப் பற்றி உன்னிடம் ஒருமுறை மனம்விட்டுத் திட்ட வேண்டும். நீ இருந்தபோது திட்டவிடவே இல்லையே.

எண்பதுகளின் நடுவில், அகதி மனுவை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை முனிச் வரைக்கும் ஒரு ரயில், பிறகு இன்னொரு ரயில், கடைசியில் பஸ் என்று ஏற்றி அந்த ஊருக்கு அனுப்பினார்கள். தெற்கு ஜேர்மனியில் மலை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னே ஒரு பள்ளத்தாக்கு. வெங்காயம் கவிழ்த்த மாதிரிக் கோபுரம் வைத்த ஒரு தேவாலயம், படிப்படியாக ஏறும் கூரை முகப்போடு ஒரு நகரசபைக் கட்டடம், சதுக்கத்தின் நடுவில் நீலமும் வெள்ளையும் சுற்றிய ஒரு நெடுமரம், ஒரு பியர் ஆலை, இரண்டு பேக்கரி. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கடையெல்லாம் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டால் பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியின் மேல்மாடியில் எங்களை விட்டார்கள். கீழே பூட்டிய மதுச்சாலை, மேலே நாங்கள். மாட்டுச் சாணி மணத்தில் எழும்பி மாட்டுச் சாணி மணத்தில் படுத்தோம்.

நான் அதைக் கிராமம் என்பேன். உனக்கு மூக்கில் கோபம் வரும். "கிராமமில்லை, பட்டினமுமில்லை. மார்க்ட். சந்தை வைக்க உரிமை குடுத்த ஊர். எத்தினையோ நூறு வருஷத்துக்கு முதல் ஆரோ ஒரு பிரபு எழுதிக் குடுத்தது. பலகையிலை போட்டிருக்குப் பார்." ஊர் எல்லையில் நின்ற மஞ்சள் பலகையில் உண்மையாகவே அப்படித்தான் போட்டிருந்தது. அதற்குள் அடங்கும் குக்கிராமங்களின் பெயரையெல்லாம் நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாய். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை, நீயோ ஊர்ச் சின்னத்தில் இருக்கிற லிண்டன் மரத்துக்கு எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டிருந்தாய்.

ஆற்றுப் பாலத்தோடு மாவட்டம் முடியும். மாலையில் இரண்டு பேரும் அதுவரைக்கும் நடப்போம். பாலத்தின் முதல் பலகையில் கால் வைக்கும் முன்னம் நீ நின்றுவிடுவாய். நான் வேண்டுமென்றே நடுப்பாலம் வரைக்கும் போய் நின்று, "வா, ஒருத்தரும் பாக்கேல்லை" என்பேன். "பாக்காட்டியும் எல்லை எல்லைதானே" என்பாய். என்ன மனிசனடா நீ என்று அப்போதும் எரிச்சல் வந்தது, இப்போதும் வருகிறது.

பிறகு அந்த வெங்காயக்காரி வந்தாள். ஒக்டோபர் சந்தை. சதுக்கத்தில் கல் பதித்த தரையில் அவரவர் இடத்தைச் சோக்கட்டியால் பெட்டி கீறி வைப்பார்கள். தாய் நின்ற பெட்டியில் மகள் நிற்பாள், வேறு ஒருவரும் அதற்குள் கால் வைக்க மாட்டார்கள். நீ சும்மா போய் அவளுடைய வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக் கொடுத்தாய். அவள் ஒரு பை வெங்காயம் தந்தாள். எங்களுக்குக் கிடைத்த சாப்பாட்டுப் பொதியில் அந்தத் தட்டைப் பருப்பு இருந்ததே, எப்படி அவித்தாலும் வாயில் வைக்க முடியாதது, அதை ஊறப்போட்டு வெங்காயம் போட்டு வடை சுட்டாய். பாதி எண்ணெயில் உடைந்து போனது. மிச்சத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் மேசையின் ஓரத்தில் நின்றாய். விற்றால் வேலை, வேலை செய்தால் குற்றம். அதனால் சும்மா கொடுத்தாய். சனம் தின்றுவிட்டு அப்பிளும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தது. ஊர் மேயரே வந்து மூன்று வடை தின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு, "இது பரிசுதானே, வியாபாரமில்லையே?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போனார்.

சந்தை முடியும்போது வெங்காயக்காரி தன் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி கீறினாள். உன்னைக் காட்டி, தரையைக் காட்டி, "அடுத்த வருஷம்" என்றாள். அவளுடைய நாட்டுப்புறப் பேச்சில் எங்களுக்கு விளங்கிய இரண்டு சொல் அவைதான். அன்றைக்கு நீ மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினதை நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. வரவிடாதவன் நான். கோடையில் பாரிஸிலிருந்து என் மைத்துனன் போன் எடுத்தான். லாச்சப்பலில் தமிழிலேயே சீவிக்கலாமாம், மரவள்ளிக்கிழங்கு கூட வருகுதாம். போகிற வாகனமும் ஆயத்தம். "ஒக்டோபர் சந்தை முடியப் போவமே?" என்று கேட்டாய். "இஞ்சை நிண்டு வடை குடுக்கிறதுக்கே உன்னைக் கொம்மா பெத்தவ?" என்று கேட்டேன். அந்த மனிசிக்கு ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு வருகிறேன் என்று நின்றாய். துண்டு எழுதினால் பிடிபடுவோம் என்று பேனையைப் பறித்தேன். விடிய முதல், ஒருவருக்கும் சொல்லாமல், அந்தப் பாலத்தைத் தாண்டி வந்தோம். நீ முதல் தடவையாகத் தாண்டினாய். திரும்பிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, நான் முன்னே ஓடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ என்னை நிம்மதியாக இருக்கவிட்டாயா? உணவகத்தில் கோப்பை கழுவி, விசாப் பப்பியேக்கு அலைந்து, ஸ்தேனில் வீடு எடுத்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் வளர்ந்து, எல்லாம் நடந்தது. ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் அதே தேநீர்க்கடையில் அதே கேள்வி: "ஒருக்காப் போட்டு வருவமே? அவ அந்த இடத்தை வெறுமையா விட்டிருப்பாவோ, இல்லாட்டி ஆருக்கும் குடுத்திருப்பாவோ?" நான் லீவு இல்லை என்பேன். முதுகு நோ என்பேன். ஒருமுறை பொறுக்க முடியாமல், "ரயில் ஏறினா அரை நாள்தானே, நீ தனியப் போவன்!" என்று கத்தினேன். நீ தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு பேரும் சேந்துதானே ஓடினனாங்கள். தனியப் போனா மற்றவன் எங்கையெண்டு என்னையெல்லோ கேப்பினம்."

சரி, இப்போது பிழைக்கு வருகிறேன். மலரில் உன் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலையை உன் மனிசி என்னிடம் தந்தாள். எந்த மாதம் அங்கே போனோம் என்று எனக்கு நினைவில்லை. துருப்பிடித்த ஜேர்மன் மொழியைத் தட்டி எடுத்து அந்த ஊர் நகரசபைக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள். உன்னைப் பற்றிச் சொல்ல மாட்டாளாம், சட்டம் விடாதாம். என்னைப் பற்றி நானே கேட்கலாமாம். பழைய பதிவைத் தேடிப் பார்த்து மறுநாள் போன் எடுத்துச் சொன்னாள்: "வெளியேறியவர். சென்ற இடம் தெரியாது." வெங்காயக்காரியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பிறக்கவே இல்லையாம் அப்போது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். என் பெயருக்கு நேரே அப்படி என்றால் உன் பெயருக்கு நேரேயும் அதுதானே இருக்கும். அந்த ஊரின் குக்கிராமம் வரைக்கும் பாடமாக்கின உனக்கு!

அன்று மாலை, வில்லியே லே பெல் போகிற ரயிலில் மூச்சுவிட இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வரும்போதுதான் அச்சகத் தம்பி போன் எடுத்தான். "அண்ணை, உந்த ஜேர்மன் ஊர்ப்பேர் வரியிலை கொள்ளுதில்லை. எழுத்தையும் ஒருக்காச் சொல்லுங்கோ, எப்பிடிப் போடுறது?"

"முனிச் எண்டு போடும் தம்பி. சனத்துக்கு விளங்கும்."

அவ்வளவுதான். ரயில் இரைச்சல் என்று உனக்குச் சாட்டுச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை இன்னொரு தடவை வாயால் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலே என் காதுக்குள் கிடந்த பெயர். நீ போனபிறகாவது போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் மச்சான். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நேற்றுத் தேநீர்க்கடையிலிருந்து மலர்க் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குத் திரும்பிப் போனேன். "ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டிக் கிரியை. இனி அடிக்க ஏலாதண்ணை. முனிச் எண்டா என்ன குறை? பெரிய சிற்றிதானே!" என்றான் தம்பி. அவனில் பாய்ந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

இன்று சனிக்கிழமை காலையே ஸ்தேனுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். கட்டை மேசையில் வைத்து உன் மனிசியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து இரண்டு கறுத்தப் பேனை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். முனிச் என்பதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதுவது. இருநூறு மலர். நான் நாலாவதில் எழுத்தை விட்டுவிட்டேன். அவள் என் கையிலிருந்து வாங்கித் திருத்தினாள்.

"நீங்கள் வெட்டுங்கோ அண்ணை, நான் எழுதுறன்."

"உனக்கு அந்தப் பேர் வருமே பிள்ளை?"

அவள் சிரிக்கவில்லை. "நான் அந்த ஊரைக் கண்ணாலையும் காணேல்லை. இத்தினை வருஷமும் அதோடைதான் சீவிச்சனான். எனக்கு ஏன் வராது?"

நான் வெட்டினேன், அவள் எழுதினாள். ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை. மத்தியானம் ஒரு பிளேன்ரீ குடித்தோம். கடைசி மலர் வந்தபோது அவள் அதை மற்றக் கட்டுகளோடு வைக்காமல் என் பக்கம் தள்ளினாள்.

"இதை நாளைக்குக் குடுக்க வேண்டாம். ஒக்டோபர் சந்தைக்குக் கொண்டுபோங்கோ."

"நான் தனியவோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவள் உன் படத்தைத்தான் பார்த்தாள்.

இப்போது ரயிலில் வீடு திரும்புகிறேன். இருக்க இடம் கிடைத்திருக்கிறது. மலர் என் பைக்குள் இருக்கிறது, மையின் மணம் இன்னும் போகவில்லை. அந்தச் சதுக்கத்தில் வெங்காயம் விற்கிறவர்கள் இப்போதும் இருப்பார்கள், அவள் இல்லாவிட்டால் அவளுடைய மகளோ பேத்தியோ. மற்றவன் எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள்.