சுடாமல் போன துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு பழுதுக்கு நன்றி சொல்லலாமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் அருங்காட்சியகத்தில் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று மேசைமேல் கிடக்கும். அதைத் தூக்கி ஒருவரையொருவர் குறிபார்த்துப் படம் எடுத்துக்கொள்வது வருகிறவர்களின் வழக்கம். விசை அசையாது. பளபளப்புக்காக யாரோ வார்னிஷ் பூசியதில் உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"டக்குன்னு ஒரு சத்தம் வரணும் மேடம். பழம்பொருள் பராமரிப்புன்னு நீங்க படிச்ச படிப்பு இதுக்காச்சும் உதவட்டும்," என்றார் மேலாளர்.

துப்பாக்கிக் குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, வார்னிஷைக் கரைத்து, தோட்டா போடும் இடத்தை மூடியிருந்த பின்தாழ்ப்பாளைத் திறந்தேன். வெடிக்காத தோட்டா ஒன்று மேசையில் உருண்டது.

"அதான் வெடிக்கலையே! ஊதிப் பெரிசாக்காதீங்க," என்றார் மேலாளர். போன வாரம் தன் மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே அதைப் பிடித்துச் சிரித்த மனிதர். போலீஸுக்கு நானே போன் செய்தேன்.

பயப்படாதீர்கள், அம்மாவிடம் சொல்லவும் வேண்டாம். தம்பி இங்கே வரும்போது என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். கண் சொருகுகிறது.

உங்கள் மகள்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் மறுநாளாகிவிட்டது. போலீஸ் தோட்டாவை எடுத்துப் போனது. இனி சுட முடியாதபடி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியை நான் கழற்றிப் பூட்டிவைத்தேன். மதியமே துப்பாக்கி மேசைக்குத் திரும்பிவிட்டது. 'நிஜத் தோட்டா இருந்த துப்பாக்கி' என்று மேலாளர் பலகை மாட்டினார். படம் எடுக்க வாசல்வரை வரிசை நின்றது.