ஏழரை முதல் ஒன்பது வரை

சின்ன காஞ்சிபுரம்
5-2-1974

மீட்டர் கம்பெனி எஞ்சினீயர் தம்பி வேலாயுதத்துக்கு, லாரி முதலாளி பொன்னியம்மாள் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், வண்டியையும் சேர்த்து. அங்கே நீங்களும் உங்கள் மிஷின்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போன வாரம் உங்கள் ஆள் வந்து எங்கள் லாரியில் மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார். சோதனைக்கு எடுத்த பத்து வண்டியில் எங்களுடையதும் ஒன்று என்றார். வண்டி எப்போது ஓடியது, என்ன வேகம், எங்கே நின்றது எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் வட்டக் காகிதத்தில் முள்ளே எழுதும் என்றார். அன்று முதல் எனக்குக் கை வேலை ஓடவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். பேத்தி அம்சா ஆறாவது, என்னை ஒரு கிளாஸ் தாண்டிவிட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம், புரியவில்லை.

எதிர் வீட்டுக் கங்கையம்மாள் தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் தொங்கும். அட்டை சொல்லுகிறபடி தறி பூப் போடும். உங்கள் மீட்டர் அதற்குத் தலைகீழ் என்று நினைக்கிறேன். வண்டி செய்வதை அட்டை எழுதிக்கொள்கிறது. சரிதானா?

இனி விஷயம். எங்கள் வண்டி வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பெங்களூர் போகிறது. ஒரே சாலை, ஒரே பாரம். ஆனால் திங்கட்கிழமை மட்டும் பத்து லிட்டர் டீசல் கூடக் குடிக்கிறது. இன்றைக்கு டீசல் விற்கிற விலையில் அது எங்கே போகிறது என்று ஓட்டுகிறவரைக் கேட்கலாம். ஓட்டுகிறவர் என் மாப்பிள்ளை தனசேகரன். எந்த மாமியார் மாப்பிள்ளையிடம் அதைக் கேட்பாள்? அவரிடம் இது கடிகாரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் கேட்க முடியாததை உங்கள் மீட்டர் கேட்டுச் சொல்லுமா?

இப்படிக்கு,
பொன்னியம்மாள்


கிண்டி, சென்னை
9-2-1974

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தறி அட்டை பற்றித் தாங்கள் எழுதியது சரி. இதை எங்கள் பிரிவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

வட்டம் ஒரு நாளுக்கு ஒரு சுற்று சுற்றும். விளிம்பில் இருக்கும் எண்கள் மணி. கோடு வெளிப்பக்கம் ஏற ஏற வேகம் அதிகம். உள்ளே இருக்கும் சிறிய கோடு, சக்கரம் உருளாவிட்டாலும் எஞ்சின் ஓடுகிறதா என்பதைக் காட்டும். திங்கட்கிழமை வட்டத்தை அனுப்பிவைக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
க. வேலாயுதம்


சின்ன காஞ்சிபுரம்
13-2-1974

எஞ்சினீயர் தம்பிக்கு,

வட்டம் இதோடு இருக்கிறது. ஓரத்தில் சிவப்பாக இருப்பது ரத்தம் இல்லை, குங்குமம். புதுச் சாமான் வண்டிக்கு வந்தால் பொட்டு வைக்காமல் விட எனக்கு மனம் வராது. மூடியைத் திறந்தபோது கொஞ்சம் உள்ளே கொட்டிவிட்டது. முள்ளுக்குக் கோபம் வந்திருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

மணிகளை அம்சா படித்துக் காட்டினாள். ஒன்பதுக்குப் புறப்பட்ட கோடு நாலு இருபத்தைந்து வரை விடாமல் போகிறது. எனக்கு ஒன்று புரியவில்லை தம்பி. நான் தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொடுக்கிறேன். தூக்கு காலியாகத்தான் திரும்பி வருகிறது. எங்கேயும் நிற்காதவர் எப்போது சாப்பிட்டார்? பெங்களூரில் கிடங்கு நாலரைக்குச் சாத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் சாப்பிட்டாரா, அப்புறம் சாப்பிட்டாரா? இதையும் வட்டம் சொல்லுமா?

பொன்னியம்மாள்


கிண்டி
18-2-1974

அம்மையீர்,

வட்டத்தை ஆராய்ந்தோம். முடிவுகள்:

காலை ஏழு இருபது முதல் ஒன்பது வரை வண்டி அசையாமல் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடியிருக்கிறது. பிறகு வாலாஜாவிலிருந்து ஆம்பூர் வரை மணிக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டிக்கு இது ஆபத்தான வேகம். டீசல் வீணாவதும் இந்த இரண்டிலும்தான். சாப்பாட்டுக்கென ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் ஓட்டியிருக்கிறார் என்றே கருத வேண்டும்.

இவை ஓட்டுநரின் அலட்சியத்தைக் காட்டுகின்றன. டீசலைத் திருடியதாகத் தெரியவில்லை. எனினும் தாங்கள் வேறு ஓட்டுநரைப் பற்றி யோசிப்பது நல்லது.

க. வேலாயுதம்


சின்ன காஞ்சிபுரம்
23-2-1974

தம்பி,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வாசலில் இருந்த மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். மேலே 'லாரி உரிமையாளர்' என்றுதானே எழுதியிருந்தது. லாரிக் காகிதம் என்று நினைத்துப் பிரித்துப் படித்தார்.

நான் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தார். "கடியாரம்னு சொல்லித்தானே அத்தே மாட்டினீங்க? எம்மேல சந்தேகம்னா மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே. ரெண்டு வார்த்த. அதுக்கு ஒரு மிஷினா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மகள் அலமு பெட்டியைக் கட்டினாள். "யம்மா, இனிமே அந்த மிஷினையே வண்டி ஓட்டிக்கினு போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அம்சாவையும் கூட்டிக்கொண்டு அவருடைய ஊரான திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய்விட்டார்கள். இங்கிருந்து இரண்டு மைல்தான். கண்ணுக்கு எட்டாத தேசமாக இருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது.

உங்கள்மேல் குற்றம் இல்லை. காகிதத்தில் இருந்ததைச் சொன்னீர்கள். ஆனால் காகிதத்தில் இல்லாததை நான் சொல்ல வேண்டும். அந்த ஏழரை முதல் ஒன்பது வரை மாப்பிள்ளையுடையது இல்லை. என்னுடையது.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு வருகிறது. கடலை மண்டிக்காரர் பாரச் சீட்டுக் கொடுப்பதே ஏழரைக்கு, அது இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. அதனால் ஏழு இருபதுக்கே நான் கற்பூரம் காட்டி எஞ்சினைப் போடச் சொல்லிவிடுவேன், நல்ல நேரத்தில் புறப்பட்டதாக இருக்கட்டும் என்று. கற்பூரம் காட்டிய எஞ்சினை அணைக்கக் கூடாது. ஒன்பது வரை சக்கரமும் உருளக் கூடாது. நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அவர் ஏன் என்று கேட்டதில்லை.

காரணம் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தார். ராணிப்பேட்டை தாண்டவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் எத்தனை லிட்டர் போகும்? அன்றைக்கு அவர் வண்டியில் இந்த மீட்டர் இருந்திருந்தால் என்ன எழுதியிருக்கும்?

பொன்னியம்மாள்


கிண்டி
28-2-1974

அன்புள்ள அம்மா,

முதலில் மன்னிப்பு. ஒரு மனிதரைப் பார்க்காமலேயே ஒரு காகிதத்தை வைத்து அலட்சியம் என்று எழுதினேன். அறிக்கையிலிருந்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

நின்ற இடத்தில் மூன்று லிட்டர் போகும். மீதி ஏழு லிட்டர், இழந்த ஒன்றரை மணியைப் பிடிக்க அவர் விரட்டுவதில் போகிறது. எங்கள் ஆள் எடுத்துவந்த வியாழக்கிழமை வட்டத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பதுக்குப் புறப்படுகிறார், எங்கும் ஐம்பதைத் தாண்டவில்லை, ஆம்பூருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்கிறார். அதே மனிதர்தான்.

இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மீட்டர் எட்டு மணி என்று எழுதியிருக்கும். என்ன வேகத்தில் போனார், எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓட்டினார் என்றும் எழுதியிருக்கும். ராகு காலமா என்பதை எழுத அதற்கு முள் இல்லை. நான் அதைப் பற்றிப் பேச மாட்டேன் அம்மா. ஆனால் ஆம்பூர் சாலையில் எழுபத்தைந்தில், ஒரு கையில் சோற்றோடு போகும் வண்டியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலாயுதம்


சின்ன காஞ்சிபுரம்
13-3-1974

அன்புள்ள வேலாயுதம் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நாலு நாள் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் எப்படி இறங்கிப் போவது என்று. ஐந்தாம் நாள் நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த வட்டத்தின் நகலையும் காலித் தூக்கையும் எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றத்துக்கு நடந்தேன். மாப்பிள்ளை கயிற்றுக் கட்டிலில் இருந்தார், எழுந்து நின்றார். நான் வட்டத்தைக் காட்டி, "இந்த ஒன்ற மணி நேரம் என்னுது மாப்பிள்ளே. இந்த எழுபத்தஞ்சும் என்னுதுதான். உங்களுக்கு அதில பங்கு இல்ல" என்றேன்.

அவர் வெகுநேரம் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினியோ வாட்டி சொல்லலாம்னு வாயெடுத்தேன் அத்தே. மாமா செத்த நேரத்த சொல்லி நீங்க கும்பிட்டுக்கினு நிக்கறீங்க. எப்டி சொல்றது?" என்றார்.

பாருங்கள் தம்பி. நான் அவரைக் கேட்க முடியாமல் மீட்டரைக் கேட்டேன். அவர் என்னிடம் சொல்ல முடியாமல் வண்டியை விரட்டினார்.

அலமு உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் இப்பவாவது பேசினீங்களே" என்று காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். மீட்டர் மூடியின் சாவி இனி அவரிடம் இருக்க வேண்டும். கொடுத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் திங்கட்கிழமை. எஞ்சினைப் போடவில்லை. ஏழரைக்குச் சீட்டு வந்தது. கற்பூரம் காட்டினேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ராகு காலம் பொய் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி, உங்கள் வேகக் கணக்கையும் தள்ள முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் தெரிந்தது. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா அத்தே இது? எறங்குங்க" என்றார்.

"நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளே. ராகு வந்தா ரெண்டு பேரையும் சேர்த்து கேக்கட்டும்" என்றேன். தெருவே கூடிவிட்டது. கங்கையம்மாள் தறியை விட்டுவிட்டு வந்து, "பொன்னி, எங்களுக்கு பெங்களூர்லருந்து இன்னா வாங்கியாரப் போற?" என்று கத்தினாள். ஏழு நாற்பதுக்குச் சக்கரம் உருண்டது.

ஒன்பது வருஷமாக லாரி முதலாளி நான். வண்டிக்குள் உட்கார்ந்து போனது இதுதான் முதல் தடவை. எவ்வளவு உயரம்! ஊரில் எல்லார் வீட்டு மொட்டை மாடியும் தெரிகிறது. வாலாஜா வரை அவர் சாலையைப் பார்த்தார், நான் மாடிகளைப் பார்த்தேன். அப்புறம் அவர், "கால கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க அத்தே, கியரு போட முடியல" என்றார். அதோடு பேச்சு வந்துவிட்டது. எந்த மேட்டில் எந்த கியர், எங்கே கால் எடுத்தால் வண்டி தானே ஓடும், எல்லாம் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ராணிப்பேட்டையில் அவர் வேகத்தை இன்னும் குறைத்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். தாண்டினோம். கிடங்குக்கு நாலு மணிக்கே போய்விட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஏற மாட்டேன், இடுப்பு தாங்காது. அவரே போவார். ஒன்பது மணி வரை நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பழக்கம் போகாது.

வட்டத்தை மாப்பிள்ளையே எடுத்துக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் கோடு கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அது எங்கள் விஷயம். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு மணி வரை கோடு கீழே கிடக்கும். மிஷின் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். ஆம்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளையும் நானும் சாப்பிட்டோம்.

மற்ற வட்டங்களைக் கம்பெனி வைத்துக்கொள்ளட்டும். இதை மட்டும் பார்த்துவிட்டு எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

பொன்னியம்மாள்