தண்ணீர் குறையாத பாட்டில்

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
19.10.2025, ஞாயிறு

அன்பு மகள் லினெட்டுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் இனேஸ் குட்டியும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குத் தீபாவளி, தெருவே வெடிச் சத்தம், எதிர்வீட்டு ராஜாம்பாள் இப்போதே ஒரு தட்டு அதிரசம் கொடுத்துவிட்டுப் போனாள், அப்பா சர்க்கரையை மறந்து இரண்டை உள்ளே தள்ளிவிட்டு, காலையில் கடற்கரையில் நடந்தேனே அதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்கிறார். தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளையும் குழந்தையும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. உன் கொழுந்தன் ஜோசப் ஆனந்த் புதன்கிழமை கிளம்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நீ அழாத குறையாகச் சொன்னாய், இனேஸ் பள்ளிக்கூடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் வயிற்று வலி என்கிறாள், ஃபிரிட்ஜில் அட்டை ஒட்டி குடித்த நாளெல்லாம் நட்சத்திரம் வைத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்று. என்னைய நீ எப்படிம்மா பழக்குன, நான் இப்படியெல்லாம் படுத்துனதே இல்லையேன்னு கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குப் பதில்தான் இது.

ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறேன் அல்லவா, பிள்ளைகளுக்கெல்லாம் நான் வேன் ஆயா. கடைசி நிறுத்தம் தவளக்குப்பம். அங்கே ஏறுகிறவள் தீபலட்சுமி, இரண்டாம் வகுப்பு, வாய் ஓயாமல் பேசும் பெண். காலை ஏழு மணிக்கு ஏறினால் வீடு திரும்ப ஐந்து ஆகிவிடும். மாலையில் பையை வாங்கி வைக்கும்போது பார்க்கிறேன், காலையில் இருந்த கனம் அப்படியே இருக்கிறது, பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை நிற்கிறது. ஒரு நாளில்லை, தினமும். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன்னைப் போலவே தண்ணீரையே பிடித்துக்கொண்டேன். தண்ணி குடிக்கலன்னா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினேன். மறுநாள் பாட்டில் காலி. சமத்துடி நீ என்று ஒரு கொய்யாப்பழம் கொடுத்தேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் நாள் வேனில் ஏறுவதற்கு முன்னால் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் குனிந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் வழி முழுக்க அவளோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா மாலா நிறுத்தத்தில் தனியாக வந்து நின்று சொன்னாள், காய்ச்சல்க்கா, ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு கத்துறா, தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி வச்சிருக்கான்னு டாக்டர் சொல்றாரு, வூட்ல நல்லாத்தான் குடிக்கிறா, ஸ்கூல்ல என்னான்னு தெரியல என்று.

பெண் தேறி வந்த அன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். தண்ணீர் பேச்சையே எடுக்கவில்லை. ஸ்கூல்ல பாத்ரூம் எப்டிடி இருக்கும்னு சும்மா கேட்டேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, கதவுல தாப்பா இல்ல ஆயா, பசங்க தள்ளி வுட்டுட்டு சிரிக்கிறாங்க, அதான் போறதில்ல, குடிச்சா வந்துடுமில்ல என்றாள். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாளே இல்லை, மூன்றாவது பூட்டிக் கிடக்கிறது.

லினெட், அந்த ஈரத் தரையில் நின்றபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் நீ டம்ளரை எடுத்தால் நான் கையிலிருந்து பிடுங்குவேன், போற எடத்துல எங்கடி போவ, வந்து குடிச்சுக்கலாம் என்பேன். வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ்ஸிலும் அதே பேச்சு. நீ சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு கொல்லைப்பக்கம் ஓடுவாய், எக்ஸ்பிரஸ் வருது வழி வுடு என்று அப்பா கேலி செய்வார், நாங்கள் சிரிப்போம். பத்தாம் வகுப்பில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, எல்லாரிடமும் சூடு என்று சொன்னேன். சூடு இல்லை. இத்தனை நாள் அடக்கி அடக்கித்தான் இப்படி ஆகியிருக்கிறது, இனியாவது குடிக்கப் பழக்குங்கள் என்று அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வருஷம் உனக்குக் கிட்னியில் கல் என்று ஆபரேஷன் ஆனதும் அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ இன்றைக்கும் வெளியே கிளம்பும்போது தண்ணீர் குடிப்பதில்லை, அது எனக்குத் தெரியும். அடம் பிடிக்காத பிள்ளையாக நீ இருந்தாய் என்றால் அது நல்ல பழக்கம் இல்லை கண்ணு, நான் சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான்.

தலைமையாசிரியையிடம் போகிறேன் என்றதும் வேன் ஓட்டும் ஆதிமூலம், வேலைக்கு வந்து மூணு மாசம்தான் ஆவுது, ஒனக்கு எதுக்குக்கா இந்த வம்பு என்றார். பயமாகத்தான் இருந்தது. மாலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பாக்கியலட்சுமி மேடம் நல்ல மாதிரிதான் பேசினார், ஆபீசில் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போய், மேடம் ஒரே ஒரு நிமிஷம் வாங்க என்று அழைத்துப்போய், உள்ளே நின்று கதவைச் சாத்திப் பாருங்கள் என்றேன். சாத்தினார். கையை எடுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. எதிரே நான், மாலா, கூட நாலைந்து பிள்ளைகள். அவர் முகம் சிவந்துவிட்டது. அன்று மத்தியானமே தச்சர் வந்துவிட்டார். அதிலும் பார், அவர் தன் உயரத்துக்குத் தாழ்ப்பாளை அடித்துவிட்டுப் போக, தீபலட்சுமி எக்கி எக்கிப் பார்த்துவிட்டு எட்டல ஆயா என்றாள். மறுநாள் கழற்றி அவள் தோள் உயரத்துக்கு இறக்கி அடித்தார்கள். பூட்டிக் கிடந்ததையும் திறந்துவிட்டார்கள். இப்போது தினம் இரண்டு தடவை கழுவுகிறார்கள், பத்தரைக்கும் இரண்டுக்கும் ஒரு மணி அடிக்கிறது, டீச்சர்களும் சேர்ந்தே தண்ணீர் குடிக்கிறார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பிள்ளைக்குப் பயம் போகவில்லை. முதல் வாரம் பாட்டிலில் இரண்டு விரற்கடைதான் குறைந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவளும் அவள் தோழியும் சேர்ந்து போவார்களாம், ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவுக்கு வெளியே காவல். இப்படித்தான் பாதியானது, முக்காலானது. போன வியாழக்கிழமை மாலை வெயிலில், ஆயா என்னோடது காலி, ஒன் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி இருக்கா என்று கேட்டாள். என்னிடம் பாட்டிலே இல்லை. ஐயய்ய நீ குடிக்கவே மாட்டியா என்றாள், வேனே சிரித்தது. வெட்கமாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் நேற்றுத்தான் எனக்கென்று ஒரு பாட்டில் வாங்கினேன்.

அதனால் சொல்கிறேன், அந்த நட்சத்திர அட்டையைக் கொஞ்ச நாள் கழற்றி வை. இனேஸிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்காதே. இருவரும் கைகோத்து நடந்து போகும்போது அவள் பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் எப்படி இருக்கும் என்று கேள், அவள் சொல்லும் வரை பொறு. எங்கள் ஊரில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும் அம்மா என்று சொல்லாதே, நீயே ஒரு நாள் போய் உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார். கதவு கனமாக இருக்கலாம், விளக்கு இல்லாமல் இருக்கலாம், ஐந்து வயதுக்கு எது பயம் என்று நமக்கு என்ன தெரியும். வலி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு, அடக்கி வைக்கிறாளா என்பதையும் மறக்காமல் சொல். காலையில் அவளுக்கு ஊற்றும்போது உனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி அவள் எதிரிலேயே குடி. ஆஸ்பத்திரிச் சங்கதியைச் சொன்னதில் உனக்கு என்மேல் கோபம் வந்தால் அடக்கி வைக்காதே, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கூப்பிட்டுத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர். குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டு முத்தம் கொடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
அ. வேளாங்கண்ணி