மேற்கு ஜன்னல் அறைக்கு ஒரு கணக்கு

அன்புள்ள செல்லாயிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். எழுபது வயதில் எழுதப் பழகிய கை. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தும் நானே எழுதியது. மூச்சிரைப்பு குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் ஏர்கோன் கடையில், குளிர் மெஷினைப் பூட்டுமுன் அறையை அளந்து, எத்தனை ஹார்ஸ்பவர் வேண்டுமென்று தாளில் கணக்குப் போடுவோம். முதலாளி ஹனீபா பழைய ஒரு ஹார்ஸ்பவர் மெஷினை உனக்குத் தருவதாகச் சொன்னார். லூனாஸில் நம் வீட்டில் நீ படுத்திருக்கும் அறைக்கு நானே சந்தோஷமாகத் தாளை நிரப்பினேன். தகரக் கூரை, சீலிங் இல்லை, மேற்கு ஜன்னல், ஆட்கள் இரண்டு.

ஹனீபா பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிச்சை அண்ணே, நீங்க இங்க அலோர் ஸ்டார்லதானே இருக்கீங்க. அங்க ஒரு ஆள்தான் லா."

இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினேன். அவர் மறுபடி கூட்டினார்.

"அப்பவும் ஒரு ஹார்ஸ்பவர் பத்தாதுண்ணே. அந்தத் தகரத்துக்கு ரெண்டு ஹார்ஸ்பவர் வேணும். அதுக்கு உங்க வீட்டு வயர் தாங்காது."

என்னைக் கழித்தும் அந்த அறை குளிரவில்லை, செல்லாயி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை உனக்கு வாசித்துக் காட்டும் பக்கத்து வீட்டு லோகேஸ்வரியிடம், வெயில் சாயும்போது ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடச் சொல். அடுத்த ஞாயிறும் எழுதுகிறேன். அதுவரை பகலில் கதவைத் திறந்து வைத்தே படு.

பிச்சை